வண்டிய ஏன் விக்கறேன்னா

வாங்ண்ணா, வாங்க. செருப்பு கெடக்கட்டும், உள்ள வாங்க. போன்ல பேசுனது நீங்கதானுங்களா? டீக்கடையில ஒட்டியிருந்த சீட்டப் பாத்தேன்னு சொன்னீங்களே? பேட்டரி வண்டி அந்தா நிக்குது பாருங்க, வாசல்ல, சாக்கு போட்டு மூடி. நல்லாப் பாருங்க, தொட்டுப் பாருங்க. ஒரு கீறல் இருக்காது. பின்னால மட்டும் ரெண்டு பக்கமும் கொக்கி வெச்சு வெல்டிங் அடிச்சிருக்கறோம், பை தொங்கவிடறதுக்கு. உங்களுக்கு வேண்டாம்னா அறுத்து எறிஞ்சுக்கலாம்.

ஆருக்குங்க, பாப்பாவுக்குங்களா? எத்தனாவது படிக்குது? ஒம்பதாவதா. செரி செரி.

ஏன் விக்கறீங்கன்னு கேட்டீங்கல்ல, வந்த ஒடனே. எல்லாரும் மொதல்ல அதத்தான் கேக்கறாங்க. நேத்து ஒருத்தரு வந்தாரு. அவருகிட்ட, புள்ள காலேஜு ஹாஸ்டலுக்குப் போறா, அதான் விக்கறோம்னு சொல்லிப்போட்டேன். பொய்யுங்க. பதினொண்ணாவது படிக்கற புள்ளைக்கு ஏதுங்க காலேஜு? அவரும் வெல படியாமப் போயிட்டாரு. உங்களப் பாத்தா பொய் சொல்ல வாய் வரலீங்க. உக்காருங்க. அந்தச் சேர்ல உக்காருங்க. கிரைண்டர் சத்தம் சித்த இருக்கும், பொறுத்துக்கங்க. இட்லி மாவு யாவாரந்தானுங்க நமக்கு. ஆட்டிட்டே இருந்தாத்தான் பொழப்பு.

என்ற புள்ள பேரு தாரணி. ஒரே புள்ள. அவங்கப்பா தறி ஓட்டறாரு, ஊர்க்கடைசியில குடோன் இருக்குதே, அங்க. இங்கிருந்து டவுன் பள்ளிக்கொடத்துக்குப் போகோணும்னா பஸ்ஸு ஒண்ணுதான். அந்த பஸ்ஸு நெலமையச் சொல்லோணுமா? நாம ஸ்டாப்புல நின்னா அக்கட்டால கொண்டுபோய் நிறுத்துவான். பைய மார்ல அணைச்சுட்டு ஓடோணும். ஏறுனா நிக்க எடம் இருக்காது. பொட்டப்புள்ளைய அதுல ஏத்தி அனுப்பிப்போட்டு, வாரவரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிட்டு இருக்கோணும்.

அதனாலதாங்க வண்டி வாங்குனோம். புள்ளைக்காகத்தான் வாங்குனோம். இத நான் எங்க வேண்ணாலும் சத்தியம் பண்ணுவேன்.

வாங்குனதுக்கப்பறம் ஒரு யோசன வந்துச்சு. அவ டவுனுக்குத்தான போறா? போற வழியில மில்லு லைன் இருக்குது, ஹவுசிங் போர்டு இருக்குது. வெறும் வண்டியா எதுக்குப் போகோணும்? எங்க சனத்துக்கு வெறும் வண்டி போறதப் பாத்தா மனசு கேக்காதுங்க. எங்கப்பன் டாக்டரப் பாக்க சைக்கிள்ல போனாக்கூட பின்னால ஒரு கட்டு சோளத்தட்டு வெச்சுக் கட்டித்தான் போவாரு. போற வண்டி, போற வழி. அதுல நாலு கவர் மாவு போனா என்ன கொறஞ்சு போகுது? அப்படித்தான் ஆரம்பிச்சோம், நாலு கவர். அப்பறம் வாங்கறவங்க சும்மா இருப்பாங்களா? பக்கத்து வீட்டுக்குச் சொல்லுவாங்க. அவங்க அவங்க அக்கா வீட்டுக்குச் சொல்லுவாங்க. கொக்கி வெச்சோம், பை பெருசாச்சு.

வெடியால நான் கவர்ல போட்டுக் கட்டி வெச்சுருவேன். அவ குளிச்சு யூனிபார்ம் போட்டுட்டுக் கெளம்பறப்ப ரெண்டு பக்கமும் தொங்கவிடுவேன். மில்லு லைன்ல குடுத்துட்டு, ஹவுசிங் போர்டுல மாடி ஏறி எறங்கிக் குடுத்துட்டு, பள்ளிக்கொடம் போயிருவா. பள்ளிக்கொடம் உட்டுப் பொழுதோட வந்தா ஒரு வாய் காப்பி. மறுக்கா தூக்குப்போசியில மாவ ஊத்தி வெச்சுட்டு டவுனுக்கு ஒரு நட. பனியன் கம்பெனிப் பொண்ணுங்க தங்கற ஹாஸ்டல் ஒண்ணு இருக்குதுங்க, அங்க. வர்ற வழியில அவங்கப்பனுக்குச் சோறு. பக்கத்து வீட்டு அக்காளுக்கு மாத்திரை. வண்டி இருக்கறப்ப நாலு பேரு கேக்கத்தான செய்வாங்க? புள்ள மொகம் சுளிக்க மாட்டா. நான் சொல்லிச் சொல்லிப் பெருமப்படுவேன், ஊர்ல எந்தப் புள்ள இப்படி இருக்குதுன்னு.

படிப்பா? நல்லாத்தான் படிச்சிட்டு இருந்தா. நடுவுல கொஞ்சம் மார்க்கு கொறஞ்சுது. பதினொண்ணாவதுன்னா அப்படித்தானாமா, எல்லாப் புள்ளைங்களுக்கும் கொறையுமாமா. நான் விசாரிச்சேன்.

தீவாளிக்கு முன்னால, ஒருநா சாயங்காலம் வந்து சொல்றா. அம்மா, இனிமே பேட்டரி வண்டியில பள்ளிக்கொடத்துக்கு வரக்கூடாதுன்னு பிரேயர்ல சொல்லிட்டாங்க. எல்லாருக்குமே ரூல்ஸ் அப்படிங்கறா. கையெல்லாம் மாவு எனக்கு. வழிச்சுட்டு இருந்தேன். அவ மூஞ்சிய நிமுந்து பாத்தனா இல்லையான்னே இப்ப நெனப்பு வரமாட்டேங்குது. ஆரு சொன்னதுன்னு கேட்டேன். ஹெச்செம்முன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

ஹெச்செம் லோகநாயகி மேடம். வெளியூர்க்காரங்க. காட்டன் சேலதான் கட்டுவாங்க, அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டாங்க. மறுநாளே போனேன். கேட்டுக்கு முன்னால புள்ளைங்க வண்டியத் திருப்பி அனுப்பிட்டு இருக்கறான் வாட்ச்மேன். நேரா உள்ள போயிட்டேன். அந்தம்மா சொல்றாங்க, மூணு மூணு பேரா ஏறி வர்றாங்க, போனப் பாத்துட்டே ஓட்டறாங்க, பைபாஸ் திருப்பத்துல போன மாசம் ஒரு புள்ள விழுந்து கால ஒடச்சுக்கிச்சு, அப்படின்னு. நான் விடல. ஏனுங்க மேடம், லைசன்சே வேண்டாம்னு கவர்மெண்டே சொல்லிப்போட்ட வண்டிங்க இது, மெதுவாப் போற வண்டி. கவர்மெண்டு வேண்டாங்கல, பெத்தவ நான் வேண்டாங்கல, நடுவுல நீங்க ஆருங்கன்னு கேட்டுட்டேன்.

அந்தம்மா பேனாவ மூடி வெச்சாங்க. அப்பறம், நீங்க தாரணி அம்மாதான, உங்ககிட்டக் கொஞ்சம் தனியாப் பேசணும், உள்ள வாங்கன்னாங்க.

நான் போகலீங்க. தனியா எதுக்குங்க, எது பேசறதா இருந்தாலும் எல்லாரு முன்னாலயும் பேசுங்கன்னேன். வாசல்ல நாலு தாய்மாருங்க நின்னுட்டு இருந்தாங்க, அவங்களுக்குக் கேக்கறாப்லயே சொன்னேன். தனியாக் கூப்புட்டு நம்மள மடக்கப் பாக்கறாங்கன்னு நெனச்சேன். அப்பப் போயிருந்தன்னா... சரி, போகல.

அதுக்கப்பறம் நான் சும்மா இருக்கலீங்ண்ணா. வாட்சப்புல குரூப்பு ஆரம்பிச்சோம். வீடு வீடாப் போனேன். திங்கக்கெழம கலெக்டராபீசுல மனு குடுத்தோம். கவுன்சிலரப் பாத்தோம். மாவு வாங்கற வீடெல்லாம் எனக்குப் பழக்கந்தான, எல்லாரும் வந்தாங்க. என்னைய இந்த ஊர்ல மாவுக்காரின்னுதான் தெரியும். அந்த ஒரு மாசம் எல்லாரும், அக்கா என்ன பண்ணலாம், அக்கா எப்பப் போலாம்னு என்ற வாயத்தான் பாத்துட்டு இருந்தாங்க. நல்லாத்தாங்க இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

தாரணி அந்த மாசம் பூராவும் பஸ்ஸுல போனா. மாவு நடையெல்லாம் அவங்கப்பாதான் தறிக்கு நடுவுல எப்படியோ பாத்துக்கிட்டாரு. எனக்கு அவளப் பாத்தாலே பாவமா இருக்கும். நசுங்கி, வேத்து, தலையெல்லாம் கலஞ்சு வருவா. ஆனா சிரிச்சுட்டே வருவா. கூட ரெண்டு புள்ளைங்க வரும், மூணும் ரோட்டு மேலயே நின்னுட்டு என்னமோ பேசிப் பேசிச் சிரிக்கும். வீட்டுக்கு வந்தா புஸ்தகத்த எடுத்து வெச்சுட்டு உக்காந்துக்குவா. வீட்டுக்குப் பின்னால பொடக்காலியில தண்ணி மோந்து ஊத்தறப்ப பாடுவா. ஒருநா என்ன சாமி பாட்டெல்லாம் பலமா இருக்குதுன்னு கேட்டேன். சும்மாம்மான்னா. நாம வருத்தப்படக் கூடாதுன்னு நமக்காகச் சிரிக்கறா, பாவம், வெளிய காட்டிக்காம இருக்கறான்னு நெனச்சேன். நெனச்சு நெனச்சு அழுகாச்சியா வரும். இந்தப் புள்ளைக்காக எப்படியாச்சும் வண்டிய மறுக்கா உடவெச்சரோணும்னு அப்பத்தான் எனக்கு இன்னும் வெறி வந்துச்சு.

ஏனுங்க, காப்பி குடிக்கறீங்களா? இல்லீங்களா. செரி, தண்ணியாச்சும் குடிங்க.

பெத்தவங்க கூட்டம் போட்டாங்க. பள்ளிக்கொடத்து ஹால்ல. கவுன்சிலரு வந்திருந்தாரு, மேலாபீசுல இருந்து ஒருத்தரு வந்திருந்தாரு. எல்லாரும் மொனகிட்டு இருந்தாங்களே தவிர எந்திரிச்சுப் பேச ஆளில்ல. நான் எந்திரிச்சேன். நாலு பேருக்கு முன்னால மைக்கப் புடிச்சது அதுதாங்க மொதத்தடவ. எப்படித்தான் வந்துச்சோ, கொட்டிட்டேன். பொட்டப்புள்ளைங்களுக்கு இப்பத்தான் காலு மொளச்சிருக்குது, அதப் புடிச்சு ஒடிக்கறீங்களேன்னேன். ஒரு புள்ள விழுந்துச்சுன்னா ரோட்டச் சரி பண்ணுங்க, எதுக்குப் புள்ளைங்களப் பூட்டி வெக்கறீங்கன்னேன். எங்க காலத்துல எங்களப் பஸ்ஸுக்கும் அடுப்புக்கும் கட்டிப்போட்டாங்க, எங்க புள்ளைங்களயாச்சும் உடுங்கன்னேன். கைதட்டு தட்டுன்னு தட்டறாங்க. ஒருத்தரு வீடியோ எடுத்துப் போட்டு அது எங்கெங்கியோ சுத்துச்சு.

மாவப் பத்திப் பேசுனனான்னு கேக்கறீங்களா? அது எதுக்குங்க அங்க. அது வேற, இது வேற.

கைதட்டுல சித்த வாயி மீறிப் போச்சு. பேசிட்டே வந்தவ, இத்தன வண்டிய நிறுத்துனா ஆருக்கு லாபம், டவுன்ல புள்ளைங்கள ஏத்தற வேன்காரனுக்குத்தான, மேடத்துக்கும் வேன்காரனுக்கும் என்ன பேச்சோ நமக்கென்ன தெரியும்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. ஒரு பேச்சுக்குத்தான் சொன்னது. ஹால்ல ஒரே கூச்சல். மறுநா பாத்தா ஊரெல்லாம் அதத்தான் பேசறாங்க, ஹெச்செம் வேன்காரன்கிட்டக் கை நீட்டிக் காசு வாங்கிருச்சுன்னு. நான் அப்படியா சொன்னேன்? நான் சொன்னது ஒண்ணு, அவங்க சொல்றது ஒண்ணு. ஆனா வெத நான் போட்டதுதான். அத மறைக்க முடியாது.

நான் விடாம, இந்தத் தடைய எந்தப் பெத்தவங்க வந்து கேட்டாங்க, பேரச் சொல்லுங்க, ஆளக் கூப்புடுங்கன்னு கேட்டேன். பெத்தவங்க யாரும் கேக்கலைன்னாங்க. அப்ப நீங்களா போட்டதுதான? ஆமாம்மா, நானாப் போட்டதுதான்னாங்க. அவ்வளவுதான். நான் ஜெயிச்சமாதிரி எல்லாரையும் திரும்பிப் பாத்தேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். தாரணி ஹால்ல பின்னால நின்னுட்டு இருந்தா. கையப் புடிச்சு முன்னால கூட்டிட்டு வந்தேன். சொல்லு கண்ணு, பயப்படாதே, உனக்கு வண்டி வேணுமா வேண்டாமா, எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லுன்னேன். அவ என்னையப் பாக்கல. ஹெச்செம்மப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அந்தம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. அப்பறம் இவ, வேணும்னா. மைக்குல வேணும்னு ஒரு வார்த்த. மறுக்கா கைதட்டு. பாத்தீங்களா, தப்புப் பண்ணுனவங்க புள்ள மூஞ்சியப் பாக்க முடியாமத் தலையக் குனியறாங்கன்னு எனக்குப் பக்கத்துல இருந்தவ சொன்னா. நானும் ஆமான்னேன்.

ஹெல்மெட் போடோணும், வண்டிக்கு ஒருத்தர்தான்னு ரெண்டு கண்டிசன் போட்டு வண்டிய உட்டுட்டாங்க. நாங்க ஜெயிச்சுட்டோம். பட்டாசு வெடிச்சாங்க. அந்த வாரமே ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணி, ஒரு போசி பத்தல, ரெண்டாக் குடுங்கன்னாங்க. குடுத்தர்லாங்க, இப்பத்தான் வண்டி வந்துருச்சேன்னேன்.

அப்பறம் பாட்டு இல்லீங்க பொடக்காலியில. நான் அதயும் கண்டுக்கல. ஜெயிச்ச மெதப்பு.

அந்தம்மா மாத்தல் வாங்கிட்டாங்க. அவங்களாக் கேட்டு வாங்கிட்டாங்கன்னு சொன்னாங்க. போறதுக்கு மொதநா சாயங்காலம் ஆட்டோவுல இங்க வந்து எறங்குனாங்க. நீங்க நிக்க வெச்சிருக்கீங்களே உங்க வண்டி, அந்த எடத்துலதான் ஆட்டோ நின்னுச்சு. சண்டைக்கு வந்திருக்கறாங்க, இன்னிக்கு ஓரியாட்டந்தான்னு முந்தானைய இழுத்துச் சொருகிட்டு வாசலுக்குப் போனேன். உள்ள வாங்கன்னுகூடச் சொல்லல. தாரணி ஹாஸ்டலுக்கு மாவு குடுக்கப் போயிருந்தா. அவ இல்லாத நேரம் பாத்துத்தான் வந்திருக்கறாங்க.

நின்னுட்டேதான் பேசுனாங்க. ‘நான் ஒரு புள்ளைக்கு வாக்குக் குடுத்திருந்தேன். அத இப்ப மீறப் போறேன். நான் போனதுக்கப்புறம் அவளுக்கு அங்க சொல்றதுக்கு ஆள் இல்ல. அதனால பெத்தவங்ககிட்டயே சொல்லிட்டுப் போறேன். வண்டி வேண்டாம்னு எங்கிட்ட வந்து கேட்டது உங்க தாரணிதாம்மா’ அப்படின்னாங்க.

பொய் சொல்றீங்கன்னேன். கத்துனேன்னு வெச்சுக்கங்களேன்.

அந்தம்மா கோவப்படல. மொதல் பீரியடுல தெனமும் தூங்கிட்டு இருந்தாளாம். கூப்புட்டுக் கேட்டாங்களாம். மொதல்ல ஒண்ணுமில்லைன்னாளாம். அப்பறம் அழுதுட்டே எல்லாத்தயும் சொல்லியிருக்கறா. ஹவுசிங் போர்டுல அவகூடப் படிக்கற புள்ளைங்க வீடு இருக்குதாம். கதவத் தட்டுனா உள்ள இருந்து, மாவு வந்துருச்சு, மாவு வந்துருச்சுன்னு சத்தம் போடுவாங்களாம். அவ பேரு தெரிஞ்சவங்கதான், மாவு வந்துருச்சும்பாங்களாம். அதே புள்ள வகுப்புல பக்கத்துல உக்காந்துட்டு, யூனிபார்ம்ல புளிச்ச வாசம் அடிக்குதுன்னு மூக்கப் பொத்துமாம். எனக்குத் தெரியாதுங்க. நான் தெனமும் சோப்புப் போட்டுத்தான் தொவைக்கறேன். எனக்கு மூக்குல மாவு வாசமே ஏறாதுங்க, வருசக்கணக்கா அதுலயே கெடக்கறவளுக்கு எப்படி ஏறும்?

அம்மாகிட்ட நான் பேசறேன்னு அந்தம்மா சொல்லியிருக்கறாங்க. வேண்டாம் மேடம்னுட்டாளாம். எனக்கு மட்டும் வண்டி வேண்டாம்னு சொன்னா எங்கம்மா வந்துரும் மேடம், எல்லாருக்கும் வேண்டாம்னு சொல்லிட்டா ரூல்ஸ் ஆயிரும், எங்கம்மாவுக்கும் சங்கடம் இருக்காதுன்னாளாம். எங்கம்மா நாயம் பேசுனா அத யாரும் ஜெயிக்க முடியாது மேடம்னு சொன்னாளாம். அதச் சொல்றப்ப அந்த அழுகையிலயும் அவ மொகத்துல ஒரு பெரும இருந்துச்சும்மான்னு அந்தம்மா சொல்றாங்க.

அப்பத்தாங்க எனக்கு ஒறச்சுது. இது என்ற புள்ள பேசறதுதான். இந்த வார்த்தைய இன்னொருத்தரு இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது.

அந்தம்மாவே, வண்டிய நிறுத்தணும்னு எனக்கும் ஒரு எண்ணம் இருந்துச்சு, அதனால நான் அந்தப் புள்ளைக்காக மட்டும் போட்டேன்னு சொல்ல மாட்டேன்னாங்க. ஆனா அன்னிக்கு ஹால்ல நீங்க பேரச் சொல்லுங்கன்னு கேட்டப்ப நான் எப்படிச் சொல்வேன், அவ பின்னால நிக்கறா. அவ மைக்குல வேணும்னு சொன்னதுல எனக்குக் கோவம் இல்ல. உங்கள எல்லாரு முன்னாலயும் விட்டுக்குடுக்க அவளுக்கு மனசு வரல. அவ்வளவுதான்னாங்க. வேன்காரன் பேச்ச எடுப்பாங்க, எடுப்பாங்கன்னு நின்னேன். அத எடுக்கவே இல்ல. எடுத்திருந்தா நானும் ரெண்டு வார்த்த பேசி மனசாறியிருப்பேன்.

நான் பேசுனது தப்புங்க மேடம்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஒரு கவர் மாவு எடுத்துட்டுப் போங்க மேடம்னு சொன்னேன். பாருங்க, அந்த நேரத்துல எனக்கு அதுதான் வந்துச்சு. அந்தம்மா வேண்டாம்மான்னு ஆட்டோவுல ஏறிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி சாப்புடாமயே பாய விரிச்சுட்டேன். இவ வந்து போசியக் கழுவிக் கவுத்தி வெச்சுட்டு, சாப்டியாம்மான்னு கேக்கறா. நான் அந்தப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். என்னன்னு கேக்கறது? ஏண்டி எங்கிட்டச் சொல்லலைன்னு கேக்கலாம். கேட்டா, நீ கேட்டயாம்மான்னு அவ திருப்பிக் கேட்டா? அவ கேக்க மாட்டா. அதுதான் இன்னும் பயமா இருக்குது.

அவங்கப்பாகிட்டச் சொன்னேன். அவரு, வித்துப்போடுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுத் தறிக்குப் போயிட்டாரு. அதுதாங்க விக்கறேன். இதுதான் காரணம்.

அவகிட்ட இன்னும் சொல்லல. பேட்டரி போச்சு, ரெடி பண்ணறதுக்கு நாளாகும்னு சொல்லி மூடி வெச்சிருக்கறேன். பஸ்ஸுலதான் போயிட்டு இருக்கறா. நீங்க அதுக்காகப் பயந்துக்காதீங்க, பேட்டரி கல்லாட்டம் இருக்குது, இப்ப வேண்ணா ஓட்டிப் பாருங்க. அவ வந்தா அவ முன்னால மட்டும் பேட்டரியப் பத்திப் பேச்செடுக்காதீங்க. வித்து முடிச்சுட்டு மெல்லச் சொல்லிக்கறேன். நேருக்கு நேரா உக்காந்து, கண்ணு, உனக்கு வேண்டாம்னு தெரிஞ்சுதான் வித்தேன்னு சொல்லிரலாம்னு இருக்கறேன். ஒரு வாரமா வார்த்தையத் தேடிட்டு இருக்கறேன். மைக்கு முன்னால அருவி மாதிரி வந்துச்சு. சொந்தப் புள்ளகிட்ட வரமாட்டேங்குது.

இருங்க, போன் அடிக்குது. அலோ. ஆமாங்க்கா. இல்லீங்க்கா, மறக்கல. ரெண்டு போசியா? இன்னிக்கேவா? அவரு தறிக்குப் போயிட்டாருங்களே... நான் நடந்து வந்தா நேரமாயிருங்க. ஐயோ, வெளிய வாங்காதீங்க, வாங்காதீங்க. பாக்கெட் மாவு வாங்குனா பொண்ணுங்களுக்கு வயித்த வலிக்கும். குடுத்தனுப்பறேங்க்கா. இதா, இப்பவே.

ஹாஸ்டல்காரங்க. ஒரு வாரமா சரியாக் குடுக்க முடியல நம்மளால. இன்னிக்கும் போகலைன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்க. விட்டா அவ்வளவுதான், மறுக்கா நொழைய முடியாது. என்ன பண்ணலாம்...

அந்தா, பஸ்ஸு எறங்கி வர்றா பாருங்க. பை தொங்கவிட்டுட்டு நடந்து வர்றாளே, அவதான் தாரணி. வா கண்ணு. இந்த அண்ணன் நம்மள ஒண்ணு விசாரிக்க வந்திருக்கறாரு. பைய அக்கட்ட வெய்யி. காப்பி அப்பறம் குடிச்சுக்கலாம். சாமி, ஹாஸ்டல்ல இருந்து போனு. ஒரே ஒருக்கா போயிட்டு வந்துரு. இந்த ஒருக்காத்தான், சத்தியமா. ரெண்டு போசியும் ஊத்தித்தான் வெச்சிருக்கறேன்.

என்ன? ஆமா, பேட்டரி... ரெடி ஆயிருச்சு கண்ணு. மத்தியானந்தான் ரெடி ஆச்சு. இந்தா சாவி. பாத்துப் போ. ஹெல்மெட்டப் போட்டுக்க.

போயிட்டா. அர மணியில வந்துருவாங்ண்ணா, நீங்க ஓட்டிப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க. நல்ல வண்டிதாங்க. ஏனுங்ண்ணா, எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க. வண்டி புடிக்கலீங்களா? வெல எச்சாத் தெரியுதுங்களா? பேசிக்கலாங்க.

ஏனுங்க, என்னைய எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?

அவ கை நீட்டவே இல்லீங்களே. சாவிய நாந்தான் எடுத்து அவ கையில வெச்சேன்.